பாலாற்றைத் தாண்டும் பட்டும் மலையிறங்கும் பட்டும்

கோபிநத்தத்துக்குக் கல்யாணப் பட்டு இரண்டு திசைகளிலிருந்து வரும். காஞ்சிபுரத்தில் எடுத்த புடவை சேலம், மேட்டூர் வந்து, கொளத்தூர், கோவிந்தப்பாடி தாண்டி, பாலாற்றுச் செக்போஸ்ட்டில் மாநிலம் மாறும். மைசூரில் எடுத்தது கொள்ளேகால், ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலை ஏறி, மறுபக்கம் வளைவுகளில் இறங்கி அதே பாலாற்றுக்கு வந்து சேரும். அங்கிருந்து ஊர் வரைக்கும் இரண்டுக்கும் ஒரே காட்டுச் சாலைதான். (காஞ்சிபுரத்தை ஒட்டி ஓடும் பாலாறு வேறு. இது காவிரியில் கலக்கும் இன்னொரு பாலாறு.)

கோபிநத்தம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குச் சந்தன மரக் கடத்தல்காரர் வீரப்பனின் பெயர்தான் நினைவுக்கு வரும். அவர் பிறந்த ஊர் என்பது உண்மை. ஆனால் 2004இல் முடிந்துபோன ஒரு கதையை வைத்தே ஒரு ஊரை எத்தனை காலம் பார்ப்பது? இங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் பெண் கொடுக்கின்றன, பெண் எடுக்கின்றன. இந்த ஊரை உள்ளடக்கிய கொள்ளேகால் வட்டாரம் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவாரி மாநிலப் பிரிப்பில் மைசூர் மாநிலத்துக்குப் போனது. 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் பிரிந்தபோது ஊர் அந்தப் பக்கம் சேர்ந்தது. கோடு நகர்ந்தாலும் சம்பந்தி வீடுகள் நகரவில்லை. அதனால் இந்த எல்லை ஊர்களின் கல்யாண வீட்டில் காஞ்சிப் பட்டுக்கும் இடமுண்டு, மைசூர்ப் பட்டுக்கும் இடமுண்டு.

இரண்டும் பட்டு, இரண்டிலும் சரிகை, இரண்டுக்கும் 2005-06 வாக்கில் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. இதனாலேயே இரண்டையும் ஒரே மாதிரி எடுத்துக்கொண்டு போகிறோம். கடையில் கொடுத்த அட்டைப் பெட்டி, அதற்கு மேல் கட்டைப்பை, பிறகு வேனின் டிக்கியோ அத்தையின் மடியோ. நெய்த விதத்திலேயே இரண்டும் வேறு சரக்கு என்பதால் வழியில் அவற்றுக்கு வரும் கேடும் வேறு. ஒன்றைக் காப்பாற்றும் பழக்கம் மற்றொன்றைக் கெடுத்துவிடும். தலைமுறைக்கும் வைத்திருக்க வேண்டிய ஒரு துணி, வீடு வந்து சேரும் ஒரே நாளில் பழுதாகிவிடுவது எனக்கு எப்போதும் மனசு பொறுக்காத விஷயம். அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

காஞ்சிப் பட்டில் நூலுக்கு முதலிலேயே சாயம் ஏறிவிடுகிறது. முறுக்கிச் சேர்த்த கனமான நூலைப் பாவிலும் ஊடையிலும் நெருக்கமாக அடித்து, கைத்தறியில் நெய்கிறார்கள். கரை வேறு நிறம், உடல் வேறு நிறம் என்றால் கோர்வை. மூன்று நாடா ஓடும், தறியில் துணைக்கு இன்னொரு ஆள் உட்கார வேண்டும். முந்தி வேறு நிறமாக வேண்டுமென்றால் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலை இழை இழையாக இணைத்துப் பிட்னி போடுவார்கள். இப்படி நெய்த புடவைக்கு விறைப்பு உண்டு. முகூர்த்தப் புடவை முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்கு மேலும் நிற்கும், அந்தக் கனத்தில் பெரும்பங்கு கரையிலும் முந்தியிலும் இருக்கும். இதில் ஒரு சேதி: காஞ்சிபுரத்துக்குப் பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்துதான் போகிறது. சரிகைக்குச் சூரத் பேர்போன ஊர். கோபிநத்தத்துக்கு வரும் காஞ்சிப் பட்டின் நூல், பிறந்த மாநிலத்துக்கே புடவையாகித் திரும்புகிறது.

மைசூர்ப் பட்டின் வரலாறு அரண்மனையிலிருந்து தொடங்குகிறது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1912இல், சுவிட்சர்லாந்திலிருந்து தறிகள் வரவழைத்து மைசூரில் ஆலை தொடங்கினார்கள். இப்போது அதை நடத்துவது கர்நாடக அரசின் பட்டுத் தொழில் கழகம், சுருக்கமாகக் கே.எஸ்.ஐ.சி. இது விசைத்தறித் துணி. நூலை மிக இறுக்கமாக முறுக்கி, வலமுறுக்கும் இடமுறுக்குமாக மாற்றி மாற்றி ஊடையில் ஓட்டுகிறார்கள். நெய்து முடித்த பிறகு கொதிநீரில் பசை எடுக்கும்போது, அடங்கியிருந்த முறுக்கு விடுபட்டுத் துணி சுருங்கி, கண்ணுக்குத் தெரியாத சன்னப் புள்ளிச் சுருக்கம் விழுகிறது. இதைத்தான் கிரேப் என்கிறோம். சாயமும் நெய்த பிறகுதான். கையில் எடுத்தால் காஞ்சிப் பட்டைவிட எவ்வளவோ லேசு, தண்ணீர் மாதிரி வழுக்கி விழும். சரிகையில் 65 சதவீதம் வெள்ளியும் 0.65 சதவீதம் தங்கமும் என்று கழகம் கணக்குச் சொல்கிறது. ஆனால் பட்டையான கரை, முந்தி முழுக்கச் சரிகை என்ற வழக்கம் அங்கே குறைவு. சரிகை ஓரத்தில் ஓடும், உடல் பட்டாகவே இருக்கும்.

முதல் வேறுபாடு மடிப்பில். நல்ல சரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் ஏற்றியது. நூல் வளையும், உலோகத் தகடு ஓரளவுக்குத்தான் வளையும். அட்டைப் பெட்டிக்குள் நான்காய் எட்டாய் மடித்து, மேலே தேங்காய்ப் பழக் கூடையும் ஏறி உட்கார்ந்துவிட்டால், காஞ்சிப் பட்டின் மடிப்பு ஓரங்களில் அந்தத் தகடு ஒடியத் தொடங்கும். கட்டும்போது முந்தியில் குறுக்கே ஒரு வெளிறிய கோடு தெரியும், இஸ்திரி போட்டாலும் போகாது. நெசவாளிகளும் பழைய கடைக்காரர்களும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். பெட்டிக்குள் கிடக்கும்போதே இந்தக் கதி என்றால், பாரம் ஏற்றிக் குலுங்கிக்கொண்டு போகும் வண்டியில் கேட்க வேண்டாம்.

ஆகவே காஞ்சிப் பட்டை மடிக்காமல் சுருட்டிக் கொண்டுபோவது நல்லது. துணிக்கடையில் துணிச் சுருள் சுற்றி வரும் அட்டைக் குழாய் ஒன்றைக் கேட்டால் கொடுப்பார்கள். அதன்மேல் துவைத்துப் பதமான பழைய வெள்ளை வேட்டியைச் சுற்றி, புடவையை நீளவாக்கில் ஒரே ஒரு மடிப்பு மடித்து, வேட்டியோடு சேர்த்துச் சுருட்ட வேண்டும். நீளவாக்கில் மடிக்கும்போது கரையின்மேல் கரை படியும், சரிகைப் பக்கம் சரிகைப் பக்கத்தை உரசாமல் நடுவில் மெல்லிய பருத்தித் துணி இருக்க வேண்டும். முந்தியின் குச்சத்தைத் தளர்வாக உள்ளே விட்டுவிடலாம். சுருட்டியதை வண்டியின் பின்சீட்டில் கிடத்தினால் போதும். ஹேங்கரில் மாட்டி, கார் ஜன்னலோரக் கைப்பிடியில் தொங்கவிடுவது நாகரிகமாகத் தெரியும். ஒரு கிலோப் புடவை வழி முழுக்க ஆடிக்கொண்டே வந்தால் தன் கனத்தாலேயே ஹேங்கர்க் கம்பியில் அழுந்தி, நாம் தவிர்க்க நினைத்த மடிப்பு அங்கேயே விழுந்துவிடும்.

மைசூர்ப் பட்டுக்கு இந்த ஆர்ப்பாட்டம் தேவையில்லை. கிரேப் நூலின் முறுக்கே சுருக்கத்தை உதறிவிடும். மடித்து, மடிப்பின் உள்ளே ஒரு மெல்லிய துணியைத் தள்ளி வைத்தால், ஊர் போய்ப் பிரித்து ஒரு மணி நேரம் விரித்துப் போட்டாலே நேராகிவிடும்.

விறைப்பான பட்டு பயணத்தில் என்ன ஆகும் என்பதற்கு உலகமே பார்த்த சாட்சி ஒன்று உண்டு. 1981 ஜூலை 29 அன்று லண்டனில் இளவரசி டயானாவின் கல்யாணம். டேவிட் இமானுவேல், எலிசபெத் இமானுவேல் தம்பதி தைத்த உடை, தரையில் இழுபடும் வால்பகுதி மட்டும் 25 அடி. துணி டாஃபெட்டா என்ற நெருக்கமாக நெய்த விறைப்பான பட்டு. கிளாரன்ஸ் மாளிகையிலிருந்து செயின்ட் பால் தேவாலயம் வரை கண்ணாடி வண்டியில் தந்தையோடு சேர்ந்து அடைத்துக்கொண்டு வந்ததில், இறங்கும்போது உடை கசங்கிப்போயிருந்தது. வண்டிக்குள் எவ்வளவு இடமிருக்கும் என்று கணக்குப் பார்க்காமல் விட்டிருந்தார்கள். எத்தனையோ மாத வேலையைச் சில மைல் பயணம் கசக்கியது. அந்த உடை கிரேப்பில் தைத்திருந்தால் அத்தனை சுருக்கம் விழுந்திருக்காது. நம் பெண்களுக்கு ஒரு பாக்கியம், புடவை தைக்காத துணி. உடுத்திக்கொண்டு வண்டியேற வேண்டாம், மண்டபத்துக்குப் போன பிறகு கட்டிக்கொள்ளலாம். ஆனால் இப்போது பார்லரிலேயே கட்டிவிட்டு ஒரு மணி நேரம் காரில் உட்கார்ந்து வரும் வழக்கம் பரவுகிறது. காஞ்சிப் பட்டு கட்டுகிறவர்கள் இதைத் தவிர்த்தால் நல்லது. கொசுவத்தின்மேல் உட்கார்ந்த இடம் அப்படியே பதிந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் நிலைமை தலைகீழ். மைசூர்ப் பட்டின் பலம் எதுவோ அதுவே அதன் பலவீனம். அந்த இறுக்கமான முறுக்கு ஈரம் பட்டதும் மறுபடி விழித்துக்கொள்ளும். நனைந்த இடம் மட்டும் சுருங்கி, சுற்றியுள்ள துணி உப்பி, அம்மைத் தழும்பு போல நிற்கும். ஐப்பசியில் மலையிறங்கும்போது ஜன்னலோரம் தெறிக்கும் சாரல், மூடி சரியாகப் போடாத தண்ணீர் பாட்டில், வழியில் வாங்கிய பூப்பொட்டலத்தின் ஈரம், இவை போதும். கிரேப்புக்கு வெளிச்சுற்று தண்ணீர் புகாததாக இருக்க வேண்டும். முதலில் பருத்தித் துணி, அதற்குமேல் தார்ப்பாய்த் துணிப் பையோ மூடியுள்ள பெட்டியோ. காஞ்சிப் பட்டும் தண்ணீருக்குத் தப்பாது, ஆனால் அதன் ஆபத்து வேறு: அரக்குக் கரையின் சாயம் சந்தன நிற உடலில் இறங்கிவிடும். கோர்வைப் புடவையில் இருவண்ணம் சந்திக்கும் கோடுதான் அழகு, அந்தக் கோடு கலங்கினால் பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை.

பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் இரண்டுக்குமே பாதுகாப்பு என்று நினைக்கிறோம். சில மணி நேரத்துக்குச் சரி. பங்குனி வெயிலில் மேட்டூரிலிருந்து டிக்கிக்குள் அடைத்துக் கொண்டுபோனால், பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் ஈரக்காற்று வெளியேற முடியாமல் வெள்ளியோடு வேலை செய்யும். சரிகை கறுக்க ஆரம்பிப்பது இப்படித்தான். காஞ்சிப் பட்டில் சரிகை அதிகம், அதனால் நஷ்டமும் அதிகம். ரசகற்பூர உருண்டையைப் புடவை மடிப்புக்குள் போடுவதையும் இத்தோடு விட்டுவிட வேண்டும், சரிகையில் அது படவே கூடாது.

இனி எனக்கு மிகவும் கவலையான இடத்துக்கு வருகிறேன். வழித்திருட்டைவிட, செக்போஸ்ட்டைவிட, முகூர்த்தப் புடவையை அதிகம் கெடுப்பது அதோடு கூட வரும் மங்கலப் பொருள்கள். மாப்பிள்ளை வீட்டார் புடவையைத் தாம்பாளத்தில் வைத்துத்தான் எடுத்து வர வேண்டும். கூடவே மஞ்சள், குங்குமம், வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம், மல்லிகைச் சரம். வீட்டிலேயே தட்டை அடுக்கி, மேலே பளபளக்கும் கண்ணாடித்தாள் சுற்றி, வேனில் ஏற்றிவிடுகிறார்கள். பாலாறு தாண்டி மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது குங்குமச் சிமிழ் கவிழ்கிறது, பழம் நசுங்குகிறது, பூவில் தெளித்த தண்ணீர் கீழே இறங்குகிறது. மஞ்சள் பட்டில் ஒட்டிக்கொள்வது மாதிரி வேறெதுவும் ஒட்டாது. பதறிப்போய் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்தால் காரம் பட்டு மஞ்சள் சிவந்துவிடும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தி சிவப்பது எல்லோரும் அறிந்ததுதானே, அதே வேலைதான் புடவையிலும் நடக்கிறது. எண்ணெய்க் கறைமேல் திருநீற்றைத் தூவுகிறவர்களும் உண்டு. திருநீறும் காரம்தான், முகப் பவுடரைத் தூவி எண்ணெயை உறிஞ்சவிட்டு மென்மையாக உதறுவதே சரி. மஞ்சளோ குங்குமமோ பொடியாகச் சிந்தியிருந்தால் கையால் தேய்க்காமல், புடவையைக் கவிழ்த்துப் பின்புறமிருந்து தட்ட வேண்டும். ஈரமாக இருந்தால் வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, மிச்சத்தை டிரை கிளீனிங் தெரிந்தவரிடம் விடுவது நல்லது.

இதற்காகச் சடங்கைக் குறைக்க வேண்டியதில்லை. தாம்பாளம் தனி, புடவை தனி என்று பயணம் செய்யட்டும். ஊர் எல்லைக்கு வந்து, மேளம் முன்னே போக, பெண்கள் இறங்கி வரிசை கட்டும்போது புடவையைப் பிரித்து மடித்துத் தட்டில் வைத்தால் போதும். முனையில் மஞ்சள் தடவும் வழக்கம் இருந்தால், ஜாக்கெட் துணியின் ஓரத்திலோ புடவையின் உள்முனையிலோ பொட்டளவு வைக்கலாம், உள்முனை கொசுவத்துக்குள் போய்விடும். பெரியவர்களிடம் பக்குவமாகச் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள். “அத்தை, வாசல்ல வந்து தட்டுல வெச்சுக்கலாங்க, குங்குமம் கொட்டிட்டா பொண்ணு மனசு சங்கடப்படும்” என்றால் எந்த அத்தையும் மறுக்க மாட்டார்.

புது ஆபத்து ஒன்று, ஆரி வேலை செய்த ரவிக்கை. கண்ணாடி மணி, கல், ஜமிக்கி வைத்துத் தைத்த ரவிக்கையைப் புடவையோடு ஒரே பையில் திணிக்கிறார்கள். காஞ்சிப் பட்டு நெருக்கமான நெசவு, ஓரளவு தாங்கும். மைசூர்ப் பட்டில் ஒரு கல்லின் கூர் மாட்டினால் இழை இழுபட்டு நீளமாக ஒரு கோடு விழுந்துவிடும். ரவிக்கை, கொலுசு, ஒட்டியாணம், ஊக்கு டப்பா எதுவும் கிரேப் இருக்கும் பையில் இருக்கக் கூடாது.

பில்லைப் புடவையோடு வைத்திருப்பது பழக்கமாக வேண்டும், அதன் படம் ஃபோனிலும் இருக்கட்டும். இந்தச் சாலையில் செக்போஸ்ட் புதிதல்ல. 1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றுப் பக்கம் கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள், அதற்குப் பிறகு இரு மாநில அதிரடிப்படையும் வீரப்பனைத் தேடிய வழி இது. இப்போது பயமில்லை, ஆனால் தேர்தல் அறிவித்துவிட்டால் பறக்கும் படை நிற்கும். இரண்டு மாநிலத்துக்கும் சட்டசபைத் தேர்தல் வெவ்வேறு ஆண்டில் வருகிறது, 2021இல் தமிழ்நாடு, 2023இல் கர்நாடகம், 2024இல் நாடாளுமன்றம் என்று எல்லையில் சோதனை மாறி மாறி வந்துகொண்டேயிருக்கும். ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கத்துக்குக் கணக்குக் கேட்பார்கள். சொந்தக்காரர்களுக்கு வைத்துக் கொடுக்க ஐம்பது அறுபது சேலை மொத்தமாக எடுத்துப் போகிறவர்கள் வாக்காளருக்குக் கொடுக்கும் பொருளோ என்ற சந்தேகத்துக்கு ஆளாகலாம். பில்லும் கல்யாணப் பத்திரிகையும் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். பில் விஷயத்தில் மைசூர்ப் பட்டுக்கு ஒரு வசதி: கே.எஸ்.ஐ.சி. புடவையில் அதற்கென்று ஹாலோகிராமும் எண்ணும் உண்டு, இன்னது என்று நிரூபிப்பது எளிது. காஞ்சிப் பட்டு பல கடைகளிலிருந்தும் கூட்டுறவுச் சங்கங்களிலிருந்தும் வருவது, சில்க் மார்க் சீட்டைக் கிழித்து எறியாமல் வைத்திருந்தால் உதவும். சோதனை செய்பவர் பெட்டியைப் பிரிக்கச் சொன்னால் தயங்காமல் நாமே பிரித்துக் காட்டலாம், சுருட்டிய புடவையின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாலே போதும். இங்கே யானை நடமாட்டம் உள்ள காடு இருபுறமும் இருக்கிறது, பகலிலேயே கிளம்பிவிட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விமானத்தில் போகிறவர்கள் கதை சிறியது. சென்னையில் கூறைப்புடவை எடுத்து டொராண்டோவுக்கும் லண்டனுக்கும் கொண்டுபோகும் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் அதைக் கைப்பையில்தான் வைக்கின்றன, அதுவே சரி. இந்திய விமானங்களில் உள்நாட்டுப் பயணத்துக்குக் கைப்பை வழக்கமாக 7 கிலோ. எத்தனை கனமான காஞ்சிப் பட்டும் அதற்குள் அடங்கும். பெட்டியில் போட்டுத் தொலைந்தால் உள்நாட்டுப் பயணத்தில் பயணிக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச ஈடு 20,000 ரூபாய். இன்றைய முகூர்த்தப் பட்டு ஒன்றின் விலைக்கே அது பல நேரம் போதாது.

ஊர் வந்து சேர்ந்ததும் காஞ்சிப் பட்டை அன்றிரவே பிரித்து நிழலில் விரிக்க வேண்டும். இஸ்திரி தேவைப்பட்டால் உள்பக்கத்திலிருந்து, மேலே மெல்லிய பருத்தித் துணி போட்டு, மிதமான சூட்டில். கிரேப்புக்கும் அதே சூடுதான், ஆனால் தண்ணீர் தெளிக்கவே கூடாது. இஸ்திரிக்காரர் பழக்கத்தில் வாயாலோ பாட்டிலாலோ தெளித்துவிடுவார், முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

திரும்பிப் போகும் பயணத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. வரும்போது இரண்டு பேர் காவல் காத்த புடவை, தாலி கட்டியான பிறகு வேர்வையும் சந்தனமும் பன்னீரும் ஏறி, அவசரமாகக் கழற்றிச் சுருட்டி, ஒரு பையின் அடியில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறது. மறுவீடு, விருந்து என்று ஒரு வாரம் அதே பையில் கிடக்கிறது. வேர்வையின் உப்பு வெள்ளிக்கு ஆகாது. காஞ்சிப் பட்டின் அக்குள் பக்கச் சரிகையும் இடுப்புப் பக்கமும் கறுப்பது இந்த ஒரு வாரத்தில்தான். கிரேப்பில் வேர்வை பட்ட இடம் வளையம் வளையமாகக் காய்ந்து நிற்கும். கழற்றிய உடனே, கிளம்பும் முன், மண்டபத்து அறையிலேயே இரண்டு நாற்காலிக்கு நடுவே மின்விசிறிக் காற்றில் இரண்டு மணி நேரம் விரித்துப் போட ஒருவரை முன்பே ஏற்பாடு செய்யலாம். பெண்ணின் சித்தியோ தோழியோ, யாராவது ஒருவர் பெயரைச் சொல்லி ஒப்படைத்துவிட வேண்டும். காய்ந்த பிறகு, காஞ்சிப் பட்டு வந்த அதே குழாயில் சுருண்டு போகட்டும், மைசூர்ப் பட்டு துணியில் மடிந்து போகட்டும். வீடு போனதும் முதல் வாரத்திலேயே காஞ்சிப் பட்டுக்குப் பெட்ரோல் வாஷ், கிரேப்புக்கு டிரை கிளீனிங்.